8 வருடமாக எல்லா வேலையும் செய்கிறேன், "நீங்கள் எதில் கெட்டிக்காரர்?" என்று கேட்டால் மறுமொழி இல்லை

கோண்டாவில்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைக் கதைக்க வீட்டிலும் ஆள் இல்லை, வேலைத்தலத்திலும் ஆள் இல்லை.

2017இல் கம்பஸ் முடித்த கையோடு யாழ்ப்பாணத்திலேயே ஒரு சின்னக் கொம்பனியில் சேர்ந்தேன். அப்போது 6 பேர், இப்போது 11 பேர். அப்பாவுக்குச் சுகமில்லாததால் கொழும்புக்குப் போகவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. முதல் வருடம் இணையத்தளம் செய்கிற பிஎச்பி, லாரவெல். பிறகு ஒரு வாடிக்கையாளர் அன்ட்ரொய்ட் செயலி கேட்டார், ஜாவா ஓரளவு தெரிந்தவன் நான்தான் என்று அது என் தலையில் வந்து விழுந்தது, பாதி வழியில் கொட்லின் என்ற புது மொழிக்கு மாற்றினோம், முடிகிற நேரம் பார்த்து ஐபோனுக்கும் வேண்டுமென்றார்கள், இரண்டு போனுக்கும் சேர்த்துச் செயலி செய்கிற ஃப்ளட்டர் படித்தேன். இடையில் இணையப் பக்கங்களுக்கு ரியாக்ட். சேவர் எடுப்பது, பேக்கப் போடுவது, டொமைன் காலாவதியாகாமல் பார்ப்பது, கடைக்கே போய் பில் பிரின்டரைப் பூட்டிக் கொடுப்பது எல்லாம் நான்தான். "உனக்குத்தானே எல்லாம் தெரியும்" என்று சொல்லித்தான் தருவார்கள். ஆரம்பத்தில் அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இப்போது அந்த வசனத்தைக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது.

என்னோடு படித்தவர்களில் ஒருவன் கொழும்பில் தகவல் பாதுகாப்பில் இருக்கிறான், ஒருத்தி மெல்பேர்னில் தரவுப் பொறியியலாளர். அவர்களுடைய தொழிலுக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஊரில் டொக்டர் என்றால்கூட அடுத்ததாக "என்ன டொக்டர்?" என்றுதான் கேட்பார்கள், கண் டொக்டர், எலும்பு டொக்டர் என்று சொன்னால்தான் கேட்டவருக்கு நிறைவு. அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

போன மாதம் லண்டனில் இருக்கிற ஒரு கொம்பனியில், இங்கிருந்தே செய்யக்கூடிய வேலைக்கு நேர்முகம். மூன்றாவது சுற்றில் கேட்டார்கள்: போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ஒரே வரிசையை, அதாவது அட்டவணையின் ஒரே பதிவை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றப் போனால் உள்ளே என்ன நடக்கும்? அந்தப் பிரச்சினையை நான் எத்தனையோ தரம் திருத்தியிருக்கிறேன். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. பலதையும் தொட்டிருக்கிறீர்கள், ஒன்றிலும் இறங்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். அன்று இரவு நித்திரை இல்லை, ஏனென்றால் அவர்கள் சொன்னது சரி.

இந்த 8 வருடத்தில் மனதில் நிற்பவை எவை என்று யோசித்தால் சில சில்லறை விஷயங்கள்தான் வருகின்றன. மானிப்பாய்ப் பக்கம் ஒரு வெதுப்பகத்தில் நாள் விற்பனைக் கணக்கு ஒருநாளும் பெட்டிக் காசோடு ஒத்துவராது, ஒரு கிழமை தலையை உடைத்துவிட்டு விடிய 4 மணிக்கு அங்கேயே போய் இருந்து பார்த்தேன். சேவர் கிரீனிச் நேரத்தில் ஓடுகிறது, நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முந்தி, ஆகவே காலை 5.30க்கு முதல் விற்ற பாண் முழுவதும் முதல் நாள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நேரம், இணையம் இல்லாமலும் பில் போடக்கூடிய மாதிரி ஒரு கடைக்குச் செய்து கொடுத்தேன், இரண்டு கவுன்டரும் ஒரே பில் இலக்கத்தைப் போட்டு, கரண்ட் வந்து எல்லாம் சேரும்போது ஒன்றை ஒன்று அழித்தது, கடைசியில் கவுன்டருக்கு ஒரு இலக்க வரிசையை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துத் தீர்த்தோம். ஒரு ரியூசன் நிலையத்துக்கு எஸ்எம்எஸ் செலவு மூன்று மடங்கு வந்தது, பார்த்தால் தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இல்லை, 70தான், மெய்யெழுத்தின் புள்ளிகூடத் தனி எழுத்தாகக் கணக்காகிறது.

இவற்றை வைத்து என்ன செய்வது? எனக்கு 32 வயது. இனி ஏதாவது ஒன்றை எடுத்து அதில் மட்டும் இறங்குவதா, எதை எடுப்பது, காலம் பிந்திவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூவரசு:

தம்பி, நீர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இந்தத் துறையில் எனக்கு 22 வருடம், 13 வருடம் கொழும்பில், மிச்சம் இங்கே.

நீர் இரண்டு பட்டியல் போட்டிருக்கிறீர். முதலாவது கருவிகளின் பட்டியல், அதை எழுதும்போதே களைத்துப்போயிருக்கிறீர், வாசிக்கிறவருக்கு அது தெரிகிறது. இரண்டாவதைச் சில்லறை என்று ஒதுக்கியிருக்கிறீர், ஆனால் எழுத்துக்கு உயிர் வருவது அங்கேதான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாரும். வெதுப்பகத்தில் நேரம் பிழைத்தது, கடையில் பில் இலக்கம் பிழைத்தது, ரியூசனில் எழுத்துக் கணக்குப் பிழைத்தது. மூன்று இடத்திலும் நிரல் ஒழுங்காக ஓடியது, பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை, ஆனால் கணினிக்குள் இருந்ததும் வெளியே நடந்ததும் ஒன்றாக இல்லை. இப்படிப்பட்ட பிழையைக் கண்டும் காணாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். நீர் விடிய 4 மணிக்கு எழும்பிப் போயிருக்கிறீர். யாரும் உம்மைப் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நேர விஷயத்தை மட்டும் எடுத்தாலே அதற்குள் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் அந்தக் காலம் முழுவதும் பழைய நேரம்தான். "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்களுடைய ஆட்கள் பயணத்துக்கு வெளிக்கிட்டார்கள். கணினிகளில் இருக்கிற ஆசியா/கொழும்பு நேர வலயத்தைத் திறந்தால் அரசாங்கம் செய்த மாற்றங்கள் அத்தனையும் வரிவரியாகப் பதிந்திருக்கும், வன்னியின் நேரம் அதில் இருக்காது. அந்த வருடங்களின் ஆஸ்பத்திரிப் பதிவு ஒன்றை யாராவது இன்றைக்கு ஏற்றினால் அரை மணித்தியாலம் எங்கே போனது என்று தேடக்கூடிய ஆள் யார்? ஃப்ளட்டர் மட்டும் தெரிந்தவர் இல்லை.

ஆகவே எதைப் படிக்கலாம் என்று கேட்க முதல், எந்த மாதிரிப் பிழை வந்தால் உமக்கு நித்திரை வராது என்று பாரும். ஒரு கொப்பியை எடுத்து, 8 வருடத்தில் இந்த மாதிரி வந்த எல்லாவற்றையும் எழுதும். என்ன கருவி என்று எழுதவேண்டாம், என்ன பிழைத்தது, எப்படிக் கண்டுபிடித்தீர், அது மட்டும்.

கடலேரி:

பூவரசு அண்ணா சொன்னதில் பிழை இல்லை, ஆனால் அதை மட்டும் வைத்து வேலை எடுக்க முடியாது என்பதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். நான் ஆள் எடுக்கிற பக்கத்தில் 4 வருடம் இருந்தேன். ஒரு வெற்றிடத்துக்கு வருகிற சீவிகளை (சுயவிபரங்களை) முதலில் பிரித்து வைப்பவர் பெரும்பாலும் பொறியியலாளர் இல்லை. அவர் கையில் நாலைந்து சொற்கள் இருக்கும், அவற்றைத் தேடுவார். உங்களுடைய சீவியில் 20 சொற்கள் இருந்தால் அந்த நாலும் அதற்குள் இருக்கலாம், ஆனால் நீங்கள் யார் என்று அவருக்கு விளங்காது. வெதுப்பகக் கதையைக் கேட்கிற ஆளிடம் உங்கள் சீவி போய்ச் சேருவதற்கே ஒரு பெயர் வேண்டும்.

என் கருத்து நேரடியானது: தரவுத்தளத்தை எடுங்கள், அதிலும் போஸ்ட்கிரெஸ். நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு நேராக அங்கேதான் வருகின்றன. அதோடு இந்த அறிவு சீக்கிரம் பழசாவதில்லை. தரவை அட்டவணைகளாக வைக்கிற தொடர்புநிலைத் தரவுத்தளத்துக்கு அடிப்படையான கட்டுரையை எட்கர் கொட் எழுதியது 1970இல், போஸ்ட்கிரெஸ் பேர்க்லியில் தொடங்கியது 1986இல், இன்றைக்கும் அதே அத்திவாரத்தில்தான் நிற்கிறோம். 8 வருடத்தில் நீங்கள் எத்தனை முகப்புக் கருவி மாறினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நேர்முகத்தில் கேட்ட கேள்விக்கு விடையையும் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்குள் முள்ளாகக் கிடக்கக்கூடாது. போஸ்ட்கிரெஸ் ஒரு வரிசையை மாற்றும்போது பழையதை அந்த இடத்திலேயே அழித்து எழுதுவதில்லை, புதிதாக ஒரு பிரதியை எழுதுகிறது. வாசிக்கிறவர்கள் தங்களுக்குரிய பிரதியைத் தொடர்ந்து வாசிப்பார்கள், யாரும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அதே வரிசையை மாற்ற வருகிற இரண்டாமவர் முதலாமவர் முடிக்கும்வரை நிற்கவேண்டும். முதலாமவர் உறுதிசெய்தால், இரண்டாமவர் கேட்ட நிபந்தனை புதுப் பிரதிக்கும் பொருந்துகிறதா என்று திரும்பப் பார்த்துவிட்டுத்தான் மாற்றம் நடக்கும். இது வழமையான தனிமைப்படுத்தல் நிலையில், அதாவது ஒருவருடைய வேலையை மற்றவருடையதிலிருந்து எவ்வளவு பிரித்து வைப்பது என்கிற அளவில். அதைக் கூட்டினால் இரண்டாமவருக்குப் பிழைச்செய்தி வரும், அவர் முதலிலிருந்து தொடங்கவேண்டும். யாருக்கும் தேவைப்படாத பழைய பிரதிகளை வக்யூம் என்கிற துப்புரவு வேலை வந்து கூட்டிப் பெருக்கும். இவ்வளவுதான். நீங்கள் கையால் செய்ததற்கு இதுதான் பெயர். ஆவணம் முழுவதும் இலவசமாகக் கிடக்கிறது, ஒரு நாளைக்கு 5 பக்கம் வாசியுங்கள்.

இன்னொன்று, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "உனக்குத்தானே எல்லாம் தெரியும்" என்பது பாராட்டு இல்லை. ஆள் எடுக்கவேண்டிய இடத்தில் ஆள் எடுக்காமல் உங்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். முதலாளியிடம் போய், எல்லாப் புரொஜெக்ட்டின் தரவுத்தள வேலையும் என்னிடம் தாருங்கள், பிரின்டர் பூட்டுவதற்கு வேறு ஆளைப் பழக்குகிறேன் என்று கேளுங்கள். அவர் மறுத்தால் அதுவும் ஒரு மறுமொழிதான்.

ஊஞ்சல்:

நான் உங்களுக்கு எதிர்த்திசையில் போய் விழுந்தவள், அதனால்தான் எழுதுகிறேன்.

2014இல் கொழும்பில் சேர்ந்தேன், இணையச் செயலிகளின் முகப்பைச் செய்கிற அங்கியூலர்ஜேஎஸ் கொடிகட்டிப் பறந்த நேரம். அதிலேயே இறங்கினேன், இரண்டு வருடத்தில் எங்கள் தளத்தில் அதைப்பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். 2016 செப்ரெம்பரில் அங்கியூலர் 2 வந்தது. பெயர்தான் ஒன்று, உள்ளே எல்லாம் வேறு. எங்கள் வாடிக்கையாளர் மாறமாட்டேன் என்றார், பழையதைத் தெரிந்தவள் நான் என்று என்னை அதிலேயே வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் புதியவற்றுக்குப் போனார்கள். 2021 கடைசியோடு பழையதற்கு உத்தியோகபூர்வ ஆதரவும் நின்றது. அன்றைக்கு எனக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் வரவில்லை. மகளுக்கு 2 வயது, 7 வருட அனுபவம், பயிலுநர்கள் எழுதுகிற பரீட்சையில் போய் இருந்தேன். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கும்.

என்னைத் தூக்கிவிட்டது அந்தக் கருவிக்குக் கீழே இருந்தது. பக்கம் ஏன் தாமதமாகிறது, உலாவி எந்த ஒழுங்கில் எதை இறக்குகிறது, பழைய போனில் ஏன் திரை உறைகிறது, இவற்றை 7 வருடத்தில் என்னை அறியாமலே படித்திருந்தேன். இப்போது அந்த வேலைதான் செய்கிறேன், ஊருக்கும் திரும்பி வந்துவிட்டேன். கடலேரி சொல்வது போலப் பெயர் வேண்டும்தான், ஆனால் போஸ்ட்கிரெஸ் என்று மட்டும் எழுதாதீர்கள். தரவு பிழைக்கிற இடங்களைக் கண்டுபிடித்துத் திருத்துகிறவர், அதற்குப் போஸ்ட்கிரெஸ் பாவிப்பவர், அந்த ஒழுங்கில் எழுதுங்கள்.

மற்றது, உங்கள் பதிவில் எனக்கு உறைத்த வசனம் முதல் பந்தியிலேயே இருக்கிறது. கதைக்க ஆள் இல்லை என்றீர்கள். 11 பேர் இருக்கிற இடத்தில், தொழிலில் உங்களைவிட மூத்தவர் ஒருவரும் இல்லை என்று நினைக்கிறேன். நான் கொழும்பில் இருந்தபோது ஒரு அக்கா என் நிரலை வாசித்துவிட்டு "உனக்கு வேகம்தான் பிடிக்கும் போல" என்றார், அதற்கு முதல் எனக்கே அது தெரியாது. உங்களுக்கு அப்படிச் சொல்ல 8 வருடமாக ஒருவரும் இருக்கவில்லை. வழி தெரியாமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான், உங்களுக்கு ஆழம் இல்லை என்பதல்ல. உங்களோடு வேலை செய்த மூன்று பேரிடம், எது பிழைத்தால் என்னைக் கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். யாழ் ஐடி ஹப் மாதிரி, இந்தத் துறை ஆட்கள் கூடுகிற இடங்களுக்குப் போய்க் கதையுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், போங்கள்.

இறுதியாண்டு_கிளிநொச்சி:

அண்ணா, அக்கா, இடையில் வருகிறேன், மன்னியுங்கோ. நாங்கள் இன்னும் வேலைக்கே வரவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறது, எங்கள் பச்சில் பாதிப் பேர் அதை வைத்துத்தான் ஒப்படை செய்கிறார்கள். அப்படியென்றால் பலதும் தெரிந்தவருக்கு இனி மதிப்பா, ஒன்றில் இறங்கியவருக்கு மதிப்பா? அந்த வெதுப்பகக் கதையை எங்களுக்கு ஒரு விரிவுரையிலும் யாரும் சொல்லவில்லை.

கோண்டாவில்காரன்:

இரண்டு கிழமை கழித்து வருகிறேன். எழுதிய எல்லோருக்கும் நன்றி, உண்மையாகவே.

கொப்பியில் எழுதினேன். 40க்கு மேல் வந்தது, நான் மறந்தே போயிருந்தவை. பழைய பாமினி எழுத்துருவில் இருந்த ஒரு பெயர்ப்பட்டியலை யுனிகோட்டுக்கு மாற்றிய கதை, அதில் 'கொ' என்ற எழுத்து சில இடத்தில் கொம்பும் அரவும் தனித்தனியாக, சில இடத்தில் ஒரே குறியாகப் பதிந்து, பார்வைக்கு ஒன்று போல இருந்தும் தேடினால் அகப்படாமல் இருந்தது. அப்படியே எழுதிக்கொண்டு போக, முக்கால்வாசி பூவரசு அண்ணா சொன்ன மாதிரியான பிழைகள்தான். வேலைத்தலத்திலும் கேட்டேன். இரண்டு பேர் "கணக்கு ஒத்துவராவிட்டால் உங்களைத்தான் கூப்பிடுவோம்" என்றார்கள், சொல்லிவைத்த மாதிரி அதே வார்த்தை. மூன்றாமவர் பிரின்டருக்கு என்றார்.

முதலாளியோடும் கதைத்துவிட்டேன். தரவுத்தளம் எல்லாம் என்னிடம் என்று ஒத்துக்கொண்டார், பிரின்டருக்குப் புதிதாகச் சேர்ந்த பெடியனைப் பழக்கச் சொன்னார். சம்பளம் பற்றி அடுத்த வருடம் பார்ப்போம் என்றார், அதில் எனக்குத் திருப்தி இல்லை.

கிளிநொச்சித் தம்பிக்கு: நானும் அதைப் பாவிக்கிறேன். நாள் விற்பனை அறிக்கைக்காகத் தரவுத்தளத்திடம் கேட்கிற வினவலை போன கிழமை அதுதான் எழுதித் தந்தது, பார்க்க வடிவாக இருந்தது. ஆனால் கிரீனிச் நாளைத்தான் நாள் என்று எடுத்திருந்தது. வெதுப்பகம் 4 மணிக்குத் திறக்கும் என்று நான் அதற்குச் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. வேலைக்கு வந்ததும் உங்களுடைய மென்பொருளைப் பாவிக்கிறவர்களின் இடத்தில் ஒரு நாள் போய் இருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அந்த வினவலில்தான் இப்போது நிற்கிறேன். 40 வினாடி எடுக்கிறது. அட்டவணையில் விற்பனை நேரம் பதிகிற நிரலுக்கு (கொலம்) விரைவாகத் தேட ஒரு சுட்டி (இன்டெக்ஸ்) போட்டிருக்கிறேன், ஆனாலும் வினவல் எப்படி ஓடுகிறது என்று காட்டுகிற எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டால் அட்டவணை முழுவதையும் வாசிக்கிறது. ஏன்?

கடலேரி:

நேர நிரலை ஒரு சார்புக்குள் (ஃபங்ஷன்) போட்டுத் திகதியாக மாற்றிவிட்டு ஒப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் சுட்டி உதவாது, அது மாற்றாத நேரத்துக்குத்தான் கட்டப்பட்டிருக்கிறது. நிரலைத் தொடாமல் விடுங்கள். அன்றைய நாளின் தொடக்கத்தையும் அடுத்த நாளின் தொடக்கத்தையும் கொழும்பு நேரத்தில் எடுத்து, இதற்குச் சமம் அல்லது பிந்தி, அதற்கு முந்தி என்று கேளுங்கள். உங்கள் ஐந்தரை மணித்தியாலமும் அதோடேயே சரிவரும்.

கோண்டாவில்காரன்:

அதேதான். 40 வினாடி அரை வினாடிக்கும் கீழே வந்துவிட்டது. பிரின்டர் பழகுகிற பெடியனை இருத்திவைத்து, சுட்டி எப்படிக் கிளை கிளையாகப் பிரிந்து தேடுகிறது என்று பலகையில் கீறிக் காட்டினேன், அரைவாசியில் அவன் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. ஆவணத்தில் அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை இருந்து வாசிக்கவேண்டும்.